எல்லாரும் வெள்ளை கட்டிய கல்யாணம்

கல்யாண மேடை கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் கைப்பேசியைத் தடவித் தடவி வாடிக்கையாளருக்கு நிறம் காட்டுகிறீர்கள். காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? முட்டி தேய்ந்து ஏணியை விட்டு இறங்கியவன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். எந்தச் சொந்தக்காரரைப் பகைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர்கள் அங்கே யோசித்துக்கொண்டிருப்பார்கள். நீலம் வைத்தால் பெரியப்பா வீடு முகத்தைத் தூக்கிக்கொள்ளும், மஞ்சள் வைத்தால் தாய்மாமன் மேடைக்கு வரமாட்டார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நாம்தான்.

துணியை எப்படி மடிப்பது, பூவை எப்படி நிறுத்துவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது கை தானாகப் படித்துக்கொள்ளும். கைக்கு வராதது வேறொன்று இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஒன்றைக் கேட்கும்போது அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று சட்டென்று பிடித்துக்கொள்வது. அதற்காகத்தான் இந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

என் கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அப்படியே கோயில் மண்டபத்துக்குப் போய்த் தோரணம் கட்டுவேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. ‘பாய் கட்டுனா மேடை நிக்கும்’ என்று பினாங்கு முழுக்கப் பேர். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

அந்தக் கடைக்குத்தான் ஒரு மத்தியானம் தர்ஷினி என்ற பெண் வந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கட்டிக்கொள்ளப்போகும் பையனும் கூடவே வந்திருந்தான். அவன் பேர் எனக்கு மறந்தே போய்விட்டது. ஏனென்றால் அவன் வாயைத் திறந்தால் ‘எனக்கு ஓகே அங்கிள்’ என்பதைத் தவிர வேறு எதுவும் வராது.

“தீம் கலர் ஐவரி, அங்கிள்,” என்றாள் அந்தப் பெண். “மேடை, நாற்காலி, வாசல் எல்லாம். பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு ரெண்டு பக்கமும் ஐவரிதான் கட்டணும்.”

“கல்யாணமாம்மா, ஆஸ்பத்திரியா?” என்று கேட்டேன்.

பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மஞ்சள் கலந்த சந்தன நிறத்தைக் காட்டினேன், இளம் ரோஜாவைக் காட்டினேன், புறாக் கழுத்து நிறத்தைக் காட்டினேன். எதையும் அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானும் விடாமல், “சீனக் கூட்டாளிங்க வருவாங்கல்ல? வாசல்ல வெள்ளையப் பாத்துட்டு இரங்கல் சொல்லிட்டுப் போயிடுவாங்கம்மா,” என்றேன். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. எனக்குச் சுருக்கென்றது. தொழிலில் வாய்க்கொழுப்பு கூடாது.

“எங்கப்பா எறந்ததுலேர்ந்து அம்மா வெள்ளைதான் கட்டுறாங்க, அங்கிள். யாரும் கட்டச் சொல்லல. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சமையல் நடக்கற குசினிப் பக்கமா போயி ஒக்காந்துக்குவாங்க. எங்க மாமாவும் மாமியும்தான் என்னைத் தார வார்த்துக் குடுக்கப்போறாங்க. அது பரவால்ல. ஆனா தாலி கட்டறப்ப எனக்குப் பின்னால எங்கம்மா நிக்கணும். கேட்டேன். ‘நான் நின்னா ஒனக்கு ஆகாதும்மா’ன்னுட்டாங்க. சண்டை போட்டேன், ரெண்டு நாளு சாப்புடாம இருந்தேன். ம்ஹூம்.”

“அதுக்கும் ஐவரிக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“எல்லாருமே வெள்ளையில இருந்தா மேடையில யாரு எங்கம்மான்னு தெரியாதுல்ல? கெட்டிமேளம் கொட்டறப்ப என் பிரெண்டுங்க அம்மாவக் கூட்டத்தோட கூட்டமா தள்ளிக்கிட்டு வந்துடுவாங்க. யாரும் கவனிக்கறதுக்குள்ள தாலி ஏறிடும்.”

ஊர் கண்ணெல்லாம் தன் மேல் விழவேண்டும் என்று நிறம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தாயை மேடைக்குக் கடத்திக்கொண்டு வருவதற்காக நிறம் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அங்கிள். தெரிஞ்சா மண்டபத்துக்கே வரமாட்டாங்க. முக்கியமா இவரோட அத்தைக்குத் தெரியக்கூடாது.”

“தம்பிக்குத் தெரியுமா?” என்று பையனைப் பார்த்தேன்.

“தெரியும். எனக்கு ஓகே அங்கிள்,” என்றான்.

அந்த அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். பையனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர் அவர்தான். மாப்பிள்ளை வீடு என்றால் அத்தை, அத்தை என்றால் மாப்பிள்ளை வீடு. ஐவரி என்ற செய்தி காதில் விழுந்ததும் பாலத்தைத் தாண்டிக் காரில் நேராக என் கடையில் வந்து இறங்கினார். காடிக் கதவை அவர் சாத்திய வேகத்தில் அலமாரியிலிருந்து ஒரு துணிச்சுருள் விழுந்தது.

“ஏன் பாய், ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? கல்யாணத்துக்குப் போயி வெள்ளையா?”

“வெள்ளை இல்லம்மா, ஐவரி.”

“அது என்னா ஐவரி? வெளுக்காத வெள்ளையா?”

கீழே விழுந்த துணிச்சுருளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

“மேடையில ஒரு செகப்பு வேணாமா? மங்களமா ஒரு கலரு வேணாமா? நான் வளத்த பிள்ளைலா அவன்! அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியல, வயசான மனுசன் நீங்களாச்சும் சொல்லக்கூடாது?”

உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொன்னால் இந்தம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அப்போதுதான் அவருடைய கழுத்தைப் பார்த்தேன். துணிக்கடைச் சந்துக்குச் சண்டை போட வந்த நேரத்திலும் இரட்டை வடச் சங்கிலி, பெரிய பதக்கம்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கடைசியா உங்க வீட்டு விசேஷத்துல என்ன புடவை கட்டியிருந்தீங்க?”

“அரக்குப் பட்டு. நல்ல அகல ஜரிகை. எம் மக கல்யாணத்துக்குன்னே எடுத்தது.”

“கழுத்துல?”

“காசுமாலை. எங்கம்மா போட்டது.”

“அந்தக் காசுமாலையப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

அத்தை யோசித்தார். முகம் மாறியது. “ஒருத்தி கேக்கல, பாய்.”

“எப்படிம்மா கேப்பாங்க? ஜரிகையும் பளபள, மாலையும் பளபள. எது எதுன்னு யாருக்குத் தெரியும்? ஐவரி மேல போட்டுப் பாருங்க. வாசல்ல நிக்கறவனுக்குக்கூட ஒவ்வொரு காசும் தனித்தனியாத் தெரியும்.”

அவ்வளவுதான். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் அத்தை கட்சி மாறிவிட்டார். அடுத்த வாரமே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, ‘சந்தனக் கலருல எவளாச்சும் வந்தீங்க, உள்ள விடமாட்டேன்’ என்று மிரட்டிக்கொண்டிருந்தாராம். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். தங்கத்துக்கு ஐவரி நன்றாகத்தான் இருக்கும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது வெள்ளைக் கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மா கடை வாசலில் வந்து நின்றார். பாலிக் புலாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். “நான் தர்ஷினியோட அம்மா, கமலம்,” என்று சொல்லி ஒரு புட்டி ஜாதிக்காய் ஊறுகாயை மேசைமேல் வைத்தார். நாற்காலியைக் காட்டினேன். நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, எல்லாரும் வெள்ளை கட்டணுமாமே, நெசமா?”

“ஆமாம்மா.”

“மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்களுமா?”

“அவங்களும்தான். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல பாருங்க, எப்பவும் கட்டறதையே கட்டிட்டு வரலாம்.”

“அதான்ணே சூசாவாப் போச்சு,” என்றார் அவர். பெரிய சிக்கல் என்பதுபோலக் கையைப் பிசைந்தார். “நான் மட்டும் வெள்ளையில இருந்தா பாக்கறவங்களுக்குத் தெரியும். ஒதுங்கிப் போவாங்க. எல்லாருமே வெள்ளையில இருந்தா எப்படித் தெரியும்? புதுசா கல்யாணம் ஆன பிள்ளைங்க தெரியாம என் கால்ல விழுந்து வச்சா? என் கையால குங்குமம் எடுத்துக்கிட்டா? பாவம்லா அதுங்க. அதனால நான் மட்டும் வேற கலர் கட்டிட்டா எல்லாருக்கும் அடையாளம் தெரிஞ்சுடும். நீங்க கலர் பாக்கறவரு. ஒரு கலர் சொல்லுங்கண்ணே.”

தாயை யாருக்கும் தெரியாமல் மேடையேற்ற மகள் ஊரையே வெள்ளையில் முக்கிவைத்திருக்கிறாள். தாயோ தன்னை எல்லாரும் அடையாளம் கண்டு விலகிப் போவதற்கு வழி கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். அந்தம்மா மேல் இல்லை.

சாம்பல் நிறம் என்று சொல்லியிருக்கலாம். காப்பிப்பொடி நிறம் என்று சொல்லியிருக்கலாம். அவர் எதிர்பார்த்ததும் அப்படி ஒன்றைத்தான் என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

“அடையாளம் தெரியணும்னா அழுத்தமான கலரா இருக்கணும்மா. சாம்பல், காப்பியெல்லாம் மண்டப லைட்டுல வெளுத்துப் போயிடும். அரக்கு கட்டுங்க.”

“அரக்கா!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். “வேணாம்ணே, அவ்ளோ தூக்கலா எதுக்கு?”

“தூரத்துல வரும்போதே தெரிஞ்சாத்தானே ஒதுங்கிப் போவாங்க?”

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. பிறகு ஊறுகாய் கொண்டுவந்த அதே பைக்குள் கையை விட்டு, “இந்த மாதிரியா?” என்று ஒரு புடவையை எடுத்தார்.

அரக்குப் பட்டு. இஸ்திரி போட்டு மடித்து, மெல்லிய தாளில் சுற்றியிருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் துணிச்சுருள்களைப் பார்த்தார். “சும்மா... மேட்ச் பாக்கலாமேன்னு எடுத்துட்டு வந்தேன்,” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி இடத்தில் கேட்கக்கூடாது, பிள்ளைகளா. வாய் வரை வந்தாலும் விழுங்கிவிட வேண்டும்.

“இதேதான்மா. இதைவிடப் பொருத்தமா என் கடையிலகூட கெடையாது.”

“தர்ஷினிகிட்ட சொல்லிடாதீங்க. எதுக்கு இதெல்லாம்னு சண்டைக்கு வருவா.”

தலையாட்டி அனுப்பிவைத்தேன். அவர் சந்து முனையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, காரியத்தைக் கெடுத்துவிட்டேனே! வெள்ளையில் இருந்தால் கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போகலாம். ஊரே வெள்ளையாக இருக்கும் மண்டபத்தில் ஒரே ஒரு அரக்குப் புடவையை யார் கண்ணுக்கும் படாமல் எப்படி மேடையேற்றுவது? மகளிடம் சொல்லலாம் என்றால் தாய்க்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தாயிடம் சொல்லலாம் என்றால் மகளுக்கு. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தினமும் சோறு சாப்பிடும் நாசி கண்டார் கடைக்காரரே, “என்னா பாய், ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தின் மேனேஜர், ஒரு சீனர், உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். தயங்கித் தயங்கி, இறந்தவர் யார் என்று என்னிடம் மலாயில் கேட்டார். கல்யாணம்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சாவுத் தீட்டு ஒட்டாமல் எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் தானே ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஒரே ஐவரி மயம். முன்னால் அத்தை, காசுமாலை, அதற்குமேல் இன்னும் என்னென்னவோ. போட்டோவில் நன்றாக இருக்காது என்று கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். அது இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் வருவது லாரியா ஆளா என்பது தெரியாது. அதனால் என்னைப் பார்த்து, ‘வாங்க ஐயரே’ என்றார். நானும் வணக்கம் சொல்லிவைத்தேன்.

கமலம் அம்மா அந்த அரக்குப் பட்டில் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து குசினி ஓரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையிலிருந்த தர்ஷினி பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நேராக என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தள்ளிக்கொண்டு வரவேண்டிய தோழிகள், எதைத் தள்ளுவது என்று தெரியாமல் தூணோரம் நின்றார்கள். முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒரு மேடை கட்டி, அதற்குக் கீழே அவ்வளவு கேவலமாக நான் நின்றது கிடையாது.

அப்போது போட்டோ எடுக்கிற பையன் அத்தையிடம் ஓடினான்.

“ஆண்ட்டி, இங்க பாருங்க. பின்னாடித் துணியும் ஐவரி, ஆளுங்களும் ஐவரி. தலையும் கையும்தான் தெரியுது. ஒடம்பையே காணோம்.”

“என் காசுமாலை?”

“அது தனியா அந்தரத்துல தொங்குது ஆண்ட்டி.”

அத்தையின் குரல் மண்டபத்தையே நிறைத்தது. “நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஒரு செகப்பு வேணும்னு! அந்த பாய் எங்க?” நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். வீரம் காட்டுகிற இடமா அது?

“பொண்ணுக்குப் பின்னால ஒரே ஒரு கலர் நின்னாப் போதும் ஆண்ட்டி, படம் எழும்பிடும்,” என்றான் பையன்.

அத்தை கண்ணை இடுக்கிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கும் அந்த அரக்கு தெரிந்தது. விறுவிறு என்று இறங்கிப் போனார். நாதஸ்வரம் வேகம் பிடித்துவிட்டது. கடைசி வரிசையில் போய், “ஏம்மா, இவ்ளோ நல்ல பட்டக் கட்டிக்கிட்டு இங்க என்னா செய்றீங்க? வாங்க மேல!” என்று கமலம் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னவோ சொன்னார், மேளத்தில் கேட்கவில்லை. கையை உருவப் பார்த்தார். அத்தையிடமிருந்து யார் கையை உருவ முடியும்? தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து மேடையில், மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் நிறுத்திவிட்டார்.

அத்தை இறங்கிப் போன நேரத்தில் நான் மேடையேறி, தளர்ந்திருந்த பின்துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தேன். தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். தார வார்த்த மாமா வாயைப் பிளந்தார். ஐயர் மந்திரத்தை ஒரு நொடி நிறுத்தினார். அந்த இடைவெளியில் கமலம் அம்மா மிகச் சின்னக் குரலில், “சம்மந்தி, நாந்தான். கமலம்,” என்றார்.

அத்தை முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நிச்சயதார்த்தத்திலும் வீட்டிலும் வெள்ளையில் மட்டுமே பார்த்த முகம். இப்போது புரிந்துவிட்டது. இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிடித்த கையை விட்டால் அந்தம்மா அப்படியே இறங்கிப் போய்விடுவார். அதன் பிறகு அந்தப் பெண் ஆயுசுக்கும் இதை மறக்கமாட்டாள்.

அத்தையின் வாய் திறந்தது, மூடியது. பிறகு சொன்னார்.

“தெரியும்லா. தெரியாமலா இழுத்துட்டு வந்தேன்? பெத்தவ நிக்காம வேற யாரு நிப்பா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் மாலைய மறைக்கிறீங்க.”

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. தர்ஷினி கூச்சமில்லாமல் ஓவென்று அழுதாள். மாப்பிள்ளைப் பையன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் பிடித்திருந்த துணியை விட்டுவிட்டேன், ஒரு பக்கம் சரிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றி உங்களுக்கு என்னென்னவோ சொல்லித்தருவார்கள். நான் பார்த்ததிலேயே பெரிய முடிவு அந்த அத்தை எடுத்ததுதான். தப்பாக ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அது சரியான காரியம் என்று தெரிந்ததும், ‘வேண்டுமென்றேதான் செய்தேன்’ என்று நிமிர்ந்து நின்றார். என்னால் அது ஆகியிருக்காது.

சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைத் தேடிப்பிடித்தார்.

“பாய், அது சம்மந்தின்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

இனி மறைத்துப் பயனில்லை. “தெரியும்மா,” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கும் தெரியும்,” என்றார்.

“ஆமாம்மா, உங்களுக்கும் தெரியும்.”

“அது!” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவருடைய மகள், போன மாதம்தான் கல்யாணம் ஆனவள், புருஷனோடு அந்தப் பக்கம் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தாள். “அங்க என்னாடி படம் வேண்டிக் கெடக்கு? ரெண்டு பேரும் போயி சம்மந்தி கால்ல விழுந்து கும்புட்டுட்டு வாங்க!”

கமலம் அம்மா இன்னும் மேடையில்தான் நின்றிருந்தார். அவர்கள் வருவதைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். நகர்வதற்கு இடமில்லை, நான் கட்டிய பூத்தட்டி இருந்தது. அந்தப் பெண் காலில் விழுந்துவிட்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தன் அரக்குப் புடவையைத் துடைத்துக்கொண்டார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து இரண்டு கையையும் அந்தப் பெண்ணின் தலைமேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. அவள்தான் கீழேயிருந்து, “ஆண்ட்டி, நான் எந்திரிக்கலாமா?” என்று கேட்டாள்.